'நைஸ்' என்ற வார்த்தை

இங்கிலீஷ் படிக்காதவர்களுக்கும் தெரிந்திருக்கிற இங்கிலீஷ் வார்த்தைகளில் 'நைஸ்' ஒன்று. படித்தவர்களோ அதைத் தனியாகப் படித்ததாகவே ஞாபகம் வைத்திருப்பதில்லை. அதற்கு யாரும் அகராதி பார்ப்பதில்லை. பார்க்க என்ன இருக்கிறது? நல்லது, இனியது, அழகானது, பரவாயில்லை, எல்லாம் அதுதான். சாப்பாடு நைஸ், மனிதர் நைஸ், வீடு நைஸ், நாவல் நைஸ். இவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிற ஒரு வார்த்தையைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கடைசி உதாரணத்துக்காகத்தான் எழுதுகிறேன். நாவல் எழுதிப் பிழைக்கிறவன் காதில் அந்த வார்த்தை மற்றவர்கள் காதில் விழுகிற மாதிரி விழுவதில்லை.

அதன் பூர்வோத்தரம் அவ்வளவு கௌரவமானதல்ல. லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். அறிதல் என்ற வினைக்கு முன்னால் 'இல்லை' என்கிற ஓர் அசையை ஒட்டிச் செய்த சொல். பிரெஞ்சு பாஷைக்குப் போய் மடையன் என்று அர்த்தம் கொண்டு, 1300-ஐ ஒட்டி அந்த அர்த்தத்தோடேயே இங்கிலீஷில் வந்து இறங்கியது. சாஸரின் காலத்தில் ஒருவனைப் பார்த்து நைஸ் என்று சொன்னால் அவன் சண்டைக்கு வந்திருப்பான். பிறகு அது நடத்தை கெட்டவர்களைக் குறித்தது, கூச்சக்காரர்களைக் குறித்தது, எதைக் கண்டாலும் முகம் சுளித்து, இது ஆகாது அது ஆகாது என்கிறவர்களைக் குறித்தது. இந்த இடத்திலிருந்துதான் அதற்கு நல்ல காலம் பிறந்தது. முகம் சுளிக்கிறவன் நுணுக்கம் பார்க்கிறவன்தானே? அவன் பார்க்கிற நுணுக்கத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மயிரிழை வித்தியாசம் நைஸ் வித்தியாசம் ஆயிற்று. தராசு முள்ளைப் போன்ற தீர்ப்பு நைஸ் தீர்ப்பு ஆயிற்று. 1755-இல் டாக்டர் ஜான்ஸன் தம் அகராதியை வெளியிட்டபோது இந்த வார்த்தைக்கு முன்னிறுத்திய அர்த்தம், அணுவளவும் பிசகாமல் மதிப்பிடுகிற என்பது. இனிமையானது என்ற அர்த்தம் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஊரெல்லாம் பரவியது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போன வார்த்தை ஒன்றும் இங்கிலீஷில் உண்டு. 'ஸில்லி' என்றால் இன்று அசட்டுத்தனம். பழைய இங்கிலீஷில் அது பாக்கியசாலியைக் குறித்தது. கடவுளின் அருள் பெற்றவனைக் குறித்தது. ஜெர்மன் பாஷையில் அதன் உறவுக்காரச் சொல் இன்றைக்கும் அந்த அர்த்தத்திலேயே இருக்கிறது. அருள் பெற்றவன் கபடமற்றவன், கபடமற்றவன் பரிதாபத்துக்குரியவன், பரிதாபத்துக்குரியவன் அசடு என்று படிப்படியாகக் கீழே இறக்கிவிட்டார்கள். மடையன் மேலே ஏறிய அதே ஏணியில் பாக்கியசாலி இறங்கியிருக்கிறான். நடுவில் எங்கோ ஒரு படியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வேண்டும். நமக்கு இது ஆச்சரியமல்ல. சங்கப் புலவன் 'நாற்றம்' என்று பூவின் மணத்தைச் சொன்னான். இன்று நாம் அந்தச் சொல்லைக் கேட்டதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

இதெல்லாம் பாஷை ஆராய்ச்சிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாம். ஆனால் இலக்கியத்துக்குள் நுழைந்தால் விஷயம் சற்று விபரீதமாகிறது. 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தில் மூன்றாவது அங்கத்தில் தெருச் சண்டையில் இரண்டு பேர் செத்துப்போகிறார்கள். நடந்ததை இளவரசனுக்குச் சொல்லவேண்டிய பொறுப்பு பென்வோலியோவுக்கு. அந்தச் சண்டை எவ்வளவு 'நைஸ்' என்று யோசித்துப் பார்க்கும்படி ரோமியோ மன்றாடினான் என்கிறான் அவன். இன்றைய மாணவன் இதை இனிமையான சண்டை என்று புரிந்துகொண்டு திகைப்பான். அற்பமான சண்டை, ஒன்றுமில்லாத சண்டை என்பது அங்கே அர்த்தம். ஐந்தாவது அங்கத்தில் பாதிரியார் லாரன்ஸும் அதே வார்த்தையைச் சொல்கிறார். ரோமியோவுக்கு அவர் எழுதிய கடிதம், கொள்ளை நோய்க்குப் பயந்து வீட்டை அடைத்துவிட்டதால், போய்ச் சேராமல் திரும்பி வந்துவிடுகிறது. அது நைஸ் கடிதமல்லவே என்று பதறுகிறார்; அதாவது அற்பக் கடிதமல்லவே என்று. ஓர் அற்பச் சண்டையில் பிடித்த நெருப்பு, அற்பமல்லாத கடிதம் தவறிப்போனதில் இரண்டு உயிர்களைக் குடிக்கிறது. நாடகத்தின் இரண்டு முனைகளிலும் ஒரே சொல் நின்று கொண்டிருக்கிறது. அர்த்தம் மாறிப்போனதால் இன்றைய வாசகனுக்கு இந்த முடிச்சு கண்ணில் படுவதே இல்லை.

ஆனால் இந்த வார்த்தையை வைத்து நிஜமான விளையாட்டு ஆடியவள் ஜேன் ஆஸ்டின். 'நார்தாங்கர் ஆபி' என்ற அவளுடைய நாவலை 1803-இலேயே ஒரு பதிப்பாளர் பத்துப் பவுனுக்கு வாங்கிப் போட்டுவிட்டு வெளியிடாமலே வைத்திருந்தார். (பதிப்பாளர்கள் எல்லாத் தேசத்திலும் ஒரே ஜாதிதான்.) திரும்ப விலை கொடுத்து மீட்டு, கடைசியில் அவள் இறந்த பிறகு, 1817 டிசம்பரில்தான் அது வெளிவந்தது. அதில் காதரீன் என்று பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. கிராமத்திலிருந்து பாத் நகரத்துக்கு வந்தவள்; நாவல் பைத்தியம். ஆன் ராட்க்ளிஃப் 1794-இல் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' என்ற பயங்கர நாவலில் மூழ்கிக் கிடக்கிறாள். ஹென்றி டில்னி என்ற இளம் பாதிரியோடும் அவனுடைய தங்கை எலினாரோடும் ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டுக்கு உலாவப் போகும்போது, உலகத்திலேயே மிக நைஸான புத்தகம் அதுதான் இல்லையா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறாள்.

ஹென்றி பிடித்துக்கொள்கிறான். நைஸ் என்றால் நேர்த்தி என்று சொல்கிறாய் போலிருக்கிறது. அது புத்தகத்தின் பைண்டிங்கைப் பொறுத்த விஷயமாயிற்றே என்கிறான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே, நைஸான புத்தகத்தை நைஸ் என்று சொன்னால் என்ன என்று அவள் விழிக்கிறாள். அவன் விடுவதாக இல்லை. இன்றைக்கு நாளும் நைஸ், உலாவுவதும் நைஸ், நீங்கள் இரண்டு பெண்களும் நைஸ், எதற்கு வேண்டுமானாலும் உதவுகிற வார்த்தை என்று கேலி செய்துவிட்டு, ஆதியில் அது சுத்தத்தையும் நாகரிகத்தையும் நுண்மையையும் மட்டுமே குறித்திருக்க வேண்டும், இப்போது எல்லாப் பாராட்டும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது என்று பாடம் நடத்துகிறான்.

இந்தக் காட்சியை எடுத்துச் சொல்லுகிற பாஷைக் காவலர்கள் எல்லோரும் இத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஜேன் ஆஸ்டினே சொல்லிவிட்டாள் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். அது நியாயமல்ல என்பது என் கட்சி. முதலாவதாக, ஹென்றி சொல்லுகிற சரித்திரம் தப்பு. ஆதியில் அந்த வார்த்தைக்கு மடமை என்றுதான் அர்த்தம். அவன் ஆதி என்று நினைப்பது நடு வழி. பாஷை கெட்டுவிட்டது என்று அங்கலாய்க்கிறவர்கள் எல்லோரும் தங்கள் தாத்தா காலத்தைத்தான் ஆதி காலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாவதாக, அந்தக் காட்சி ஹென்றியின் பேச்சோடு முடிவதில்லை. தங்கை எலினார் குறுக்கிடுகிறாள். அந்த வார்த்தை உண்மையில் உனக்குத்தான் பொருந்தும், அதுவும் பாராட்டாக அல்ல. நீ விவேகத்தைவிட நைஸ் அதிகம் உள்ளவன் என்று அண்ணனை ஓர் அடி அடிக்கிறாள். முகம் சுளித்துக் குற்றம் பார்க்கிறவன் என்ற பழைய அர்த்தத்தில், அவன் எந்த அர்த்தங்களுக்காக வாதாடினானோ அவற்றுக்குப் பக்கத்து வீட்டு அர்த்தத்தில், சரியாக, அவன் மேலேயே பிரயோகிக்கிறாள். லத்தீன் வேரை நினைத்துக்கொண்டு படித்தால் இந்த அடி இன்னும் பலமாக விழுகிறது. பிறகு காதரீனின் பக்கம் திரும்பி, இவன் சுத்தமான சொற்களில் நம் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கட்டும், நாம் நமக்குப் பிடித்த வார்த்தையில் உடால்ஃபோவைப் புகழ்ந்துகொண்டு போவோம் வா என்று கூப்பிடுகிறாள்.

இதில் இன்னொரு சூட்சுமம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே ஹென்றி அதே நாவலைத் தான் படித்ததைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். எடுத்த பிறகு கீழே வைக்க முடியவில்லை, இரண்டு நாளில் முடித்தேன், அந்த இரண்டு நாளும் தலைமயிர் குத்திட்டு நின்றது என்று. அது விமரிசனம். அதைக் கேட்ட காதரீன், இனிமேல் அந்தப் புத்தகம் பிடித்திருப்பதற்காக வெட்கப்படமாட்டேன் என்கிறாள். அவள் 'நைஸ்' என்றதும் அவன் செய்தது என்ன? இலக்கணத் திருத்தம். அதைக் கேட்டு அவள் விழித்தாள். ஒரே மனிதன், ஒரே புத்தகம், ஒரே உலாவல். முதல் பேச்சு அவளுடைய ரசனைக்குத் தைரியம் கொடுத்தது. இரண்டாவது பேச்சு அவள் வாயை அடைத்தது. விமரிசகன் என்பவன் எப்போது உபயோகப்படுகிறான், எப்போது தொந்தரவாகிறான் என்பதை இதைவிடக் கச்சிதமாகக் காட்டிய பக்கங்கள் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

இதே நாவலோடு ஒரே தொகுப்பாக, நாலு பாகங்களில், அவளுடைய 'பர்ஸ்வேஷன்' நாவலும் வெளிவந்தது. அதில் எலியட் என்கிற சாமர்த்தியசாலி, நல்ல சகவாசத்துக்குக் குலமும் படிப்பும் பழக்கவழக்கமும் போதும். படிப்பு விஷயத்தில் அது அவ்வளவு 'நைஸ்' அல்ல என்கிறான். ரொம்பக் கறார் பார்ப்பதில்லை என்று அர்த்தம். ஒரே தொகுப்பின் முதல் பாதியில் புது அர்த்தம், பின் பாதியில் பழைய அர்த்தம். இரண்டையும் அவரவர் வாயில் வைத்துவிட்டு ஆசிரியை ஒதுங்கி நிற்கிறாள். ஒரு வார்த்தைக்காக ஒருவர் பக்கம் சேருவது நாவலாசிரியரின் வேலையல்ல.

ஒரு நூற்றாண்டு கழித்து ஃபௌலர் வந்தார். 1926-இல் அவர் வெளியிட்ட இங்கிலீஷ் பிரயோக அகராதி இன்றைக்கும் பண்டிதர்களுக்குப் பிரமாணம். இந்த வார்த்தை தன் தனித்தன்மையை இழந்து, மேலோட்டமான இனிமையைத் தூவுகிற வெறும் தெளிப்பானாகப் போனதற்குப் பெண்கள் அதன்மேல் வைத்த பிரியமே காரணம் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். ஹென்றி டில்னியின் குரல் அப்படியே கேட்கிறது. எலினார் பக்கத்தில் இல்லாததுதான் குறை.

இத்தனைக்கும் பேச்சில் அந்த வார்த்தை ஒன்றும் செத்துக் கிடக்கவில்லை. இங்கிலீஷ்காரர்கள் அதை வைத்துச் செய்கிற காரியங்களைக் கவனித்தால் அதிசயமாக இருக்கும். 'நைஸ் அண்ட் வார்ம்' என்றால் இனிமையும் சூடும் அல்ல; இதமான சூடு, வேண்டிய அளவுக்குச் சூடு. வேறு ஒரு பண்புச் சொல்லோடு கைகோத்துக்கொண்டு அதற்கு அளவு சொல்லும் வேலையைச் செய்கிறது. காரியத்தைக் கெடுத்து வைத்திருப்பவனைப் பார்த்து, நைஸ் குழப்பம் பண்ணி வைத்திருக்கிறாய் என்றால் அது வசை. குழந்தையிடம், நீ செய்தது அவ்வளவு நைஸ் அல்ல என்றால் கடுமையான கண்டனம். குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டு எழுந்து, 'குவைட் நைஸ்' என்று விருந்தாளி இழுத்தால், வீட்டு அம்மாளுக்கு ராத்திரி தூக்கம் வராது. அர்த்தம் வார்த்தையில் இல்லை, தொனியில் இருக்கிறது. எதிரே முகம் இருக்கும்வரையில் அந்த வார்த்தை ஏமாற்றுவதில்லை. அச்சில் ஏறும்போதுதான் முகம் போய்விடுகிறது, தொனி போய்விடுகிறது, வெறும் கூடு நிற்கிறது.

நம் ஊருக்கு வந்த 'நைஸ்' கதை வேறு. தமிழ் பேசுகிறவன் அதை இனிமை என்ற அர்த்தத்தில் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. மாவை நைஸாக அரை என்கிறாள் அம்மா. புடவை நைஸாக இருக்கிறது என்கிறான் ஜவுளிக் கடைக்காரன். இங்கே அது மெல்லியது, நுண்மையானது. கூட்டம் முடிவதற்குள் நைஸாக நழுவிவிட்டான் என்றால் யார் கண்ணிலும் படாமல் என்று அர்த்தம். நைஸாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டான் என்றால் அந்த மனிதனிடம் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஜான்ஸன் அகராதியில் முன்னே நின்ற நுணுக்கம், இங்கிலாந்தின் சாப்பாட்டு மேஜையில் காணாமல் போய், நம் ஆட்டுக்கல்லில் கிடைக்கிறது.

இது தற்செயலோ என்னவோ, நமக்கு இந்த வார்த்தைக்கு இடம் முன்பே தயாராக இருந்தது. 'நயம்' என்ற சொல்லைப் பாருங்கள். மளிகைக் கடையில் நயம் துவரம்பருப்பு. நயமாகப் பேசிக் காரியத்தைச் சாதிப்பது ஒன்று. நயவஞ்சகம் என்று பகிரங்கமாகவே பழிப்பது ஒன்று. கவிதையில் இருப்பதும் நயம். தரம், மென்மை, தந்திரம், நுட்பம் எல்லாம் ஒரே வீட்டில். அதோடு, அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு நேர்ந்த கதியும் இதற்கு நேர்ந்துவிட்டது. ஒரு செய்யுளைக் கொடுத்து நயம் பாராட்டுக என்று பரீட்சையில் கேட்கிறார்கள். மாணவன் எதுகை நயம், மோனை நயம், பொருள் நயம், கற்பனை நயம் என்று தலைப்புப் போட்டு நிரப்பிவிட்டுப் போகிறான். செய்யுளை மாற்றினாலும் விடை மாற வேண்டியதில்லை. நுட்பத்தைக் குறிக்கப் பிறந்த சொல்லை, நுட்பம் பார்க்காமலே மார்க் வாங்குவதற்குக் கருவியாக்கிக் கொடுத்திருக்கிறோம்.

இப்படி வளர்ந்த மாணவன் ஒருநாள் மதிப்புரை எழுத வருகிறான். அவன் 'நைஸ்' என்று எழுதமாட்டான்; அது அவனுக்குக் கௌரவக் குறைவு. மனிதம் என்பான், ஜீவன் என்பான், யதார்த்தம், மண் வாசனை, தரிசனம் என்பான். இவை பெரிய வார்த்தைகள். எந்தப் புத்தகத்தின் மேல் வேண்டுமானாலும் போர்த்தலாம். இந்த வியாதி நமக்கு மட்டும் சொந்தமல்ல. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் அரசியலையும் இங்கிலீஷ் பாஷையையும் பற்றி எழுதிய கட்டுரையில் அர்த்தமற்ற சொற்கள் என்று ஒரு பகுதி ஒதுக்கினார். கலை விமரிசனத்திலும் இலக்கிய விமரிசனத்திலும் அர்த்தமே இல்லாத நீண்ட பத்திகள் சாதாரணம் என்று சொல்லி உதாரணச் சொற்களைக் கொடுத்தார். ஜீவ சக்தி, மனிதத் தன்மை, இயல்பு, மதிப்பு என்பது போன்றவை அதில் இருக்கின்றன. 'நைஸ்' அந்தப் பட்டியலில் இல்லை. எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. சின்ன வார்த்தை தான் காலி என்பதை மறைப்பதில்லை. அதைச் சொல்லுகிறவனும் தான் தீர்ப்பு வழங்கிவிட்டதாக நினைப்பதில்லை. பெரிய வார்த்தைதான் காலிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறது. உள்ளே ஏதோ இருக்கிறது என்று நாமும் மரியாதையாக நகர்ந்துவிடுகிறோம்.

என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு சிநேகிதர் நைஸ் என்றார். இலக்கியக்காரரல்ல, நெல் மண்டி வைத்திருப்பவர். எது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, அப்பன்காரன் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று தெரிந்தபிறகு இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருக்கிறானே, அவன் பெண்டாட்டி ஒன்றும் கேட்காமல் சோறு போடுகிறாளே, அந்த இடம் என்றார். ஆனால் அவன் கடன் கேட்கப் போகிற இடம் சரியில்லை, அப்படி எவனும் முதல் வார்த்தையிலேயே தொகையைச் சொல்லமாட்டான் என்றும் சொன்னார். அதே நாவலுக்கு வந்த மூன்று மதிப்புரைகளிலும் மண் வாசனை இருந்தது. கிணறு இல்லை, கடன் கேட்பவன் இல்லை. நெல் மண்டிக்காரரின் 'நைஸ்' ஒரு கதவு, தட்டினால் திறந்தது.

அந்த ஆர்வெல்லும் அதே 1946-இல், ஜனவரியில், 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் தேநீரைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். பாஷைக் கட்டுரைக்கு மூன்று மாதம் முந்தியது. அதன் தலைப்பில் அவர் வைத்த வார்த்தையே 'நைஸ்'தான்: ஒரு நைஸ் கப் தேநீர். தலைப்பைப் பார்த்தால் ஏதோ மாலை நேரத்து வம்பு என்று தோன்றும். உள்ளே பதினொரு விதிகள். இந்தியத் தேயிலையோ இலங்கைத் தேயிலையோதான் வேண்டும். ஒரு நைஸ் கப் தேநீர் என்று ஆறுதலாகச் சொல்லுகிற எவனும் மனத்தில் வைத்துக்கொண்டிருப்பது இந்தியத் தேயிலையைத்தான், சீனத்து இலையை அல்ல என்று முதல் விதியிலேயே அந்தச் சொற்றொடருக்குப் பொருள் விளக்கம் செய்துவிடுகிறார். பாத்திரம் பீங்கானோ மண்ணோ ஆக இருக்கவேண்டும். முன்கூட்டியே சூடாக்கியிருக்க வேண்டும். ஒரு குவார்ட்டு பிடிக்கிற பாத்திரத்துக்கு ஆறு குவியல் கரண்டி இலை. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ்தான் இலை. அதிலும் அவர் ஒரு கரண்டியைக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. பாத்திரத்தைக் கெண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டுமே தவிர, கெண்டியைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. இலைமேல் படுகிற கணத்திலும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். பாலை முதலில் விடுவதா தேநீரை முதலில் விடுவதா என்பதில் பிரிட்டனில் குடும்பத்துக்குக் குடும்பம் இரண்டு கட்சி உண்டு என்று ஒப்புக்கொண்டு, தேநீரே முதலில் என்று தன் கட்சிக்குக் காரணமும் சொல்கிறார். ஊற்றிக்கொண்டே கலக்கினால் பாலின் அளவைக் கட்டுப்படுத்தலாமாம்.

நைஸ் என்ற புது அர்த்தத்துக்கும் பழைய அர்த்தத்துக்கும் இடையில் இருநூறு வருஷத் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை இந்தக் கட்டுரை ஒரு கோப்பையில் கடந்துவிடுகிறது. தலைப்பில் காதரீன் பேசுகிறாள். உள்ளே டாக்டர் ஜான்ஸனின் தராசு வேலை செய்கிறது. தலைப்பில் இருக்கிற வார்த்தையை ஆர்வெல் கேலி செய்யவில்லை, திருத்தவும் இல்லை. எல்லோரும் சொல்லுகிற அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, அதற்குக் கீழே பதினொரு விதி எழுதினார். அந்த விதிகளில் எதை வேண்டுமானாலும் நாம் மறுக்கலாம். மறுக்கிற அளவுக்கு அவை தெளிவாக இருக்கின்றன. சர்க்கரையே கூடாது என்கிற பதினோராவது விதியை நான் மறுக்கிறேன். தேநீரின் ருசியைச் சர்க்கரை கொன்றுவிடுகிறது, அதற்குப் பதில் மிளகையோ உப்பையோ போட்டுக்கொள்ளலாமே என்கிறார். மிளகும் உப்பும் போட்டுக் கஷாயம் குடித்து வளர்ந்தவனிடம் இந்த வாதம் செல்லாது.